நான்காண்டுக்கு ஒரு பந்து: ஆட்டத்துக்கா, கல்லாவுக்கா?

தொடக்கக் கேள்வி: ஈசூன் வாசகர், 5 அக்டோபர் 2025

அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்துக்கான டிரியோண்டா பந்தை மூன்று நாள்களுக்கு முன் அறிமுகம் செய்துவிட்டார்கள். என் அக்கா மகனுக்கு டிசம்பரில் பதினோரு வயது நிறைகிறது. அந்தப் பந்துதான் வேண்டும் என்று இப்போதே பிடிவாதம் பிடிக்கிறான். சென்ற முறை வாங்கிக் கொடுத்த அல் ரிஹ்லா இன்னும் காற்று இறங்காமல் அலமாரிக்கு மேல் கிடக்கிறது. அது 'பழைய பந்து' ஆகிவிட்டதாம். ஆட்டம் அதே ஆட்டம், பந்தும் அதே உருண்டை. பந்தை மாற்றிக்கொண்டே இருப்பது விற்பதற்காக மட்டுமே என்பது என் முடிவு. மறுப்பவர் உண்டா? மறுக்காவிட்டாலும், அவனுக்கு எதை வாங்குவது என்றாவது யாரேனும் சொல்லுங்கள்.

5 அக்டோபர் 2025, இரவு 10.40

மறுக்கிறேன், ஆனால் பாதிதான். எனக்கு வழக்கு அந்த 'மட்டுமே' என்ற சொல்லோடு.

என் அப்பா இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1950களில் அங்கிருந்த திடலில் அவர் ஆடிய பந்து தோல் பந்து. காற்றுப் பையை உள்ளே திணித்து, வாயைச் செருப்புக்கு வார் கட்டுவதுபோல் தோல் வாரால் இழுத்துக் கட்டிய பந்து. டிசம்பர் மழையில் அது தண்ணீர் குடித்து ஈர மூட்டையாகிவிடும். அதைத் தலையால் முட்டும்போது வார் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். அப்பாவின் இடது புருவத்துக்கு மேல் ஓர் அங்குல நீளத்தில் அந்தத் தழும்பு இருந்தது. மழை வந்தால் அதைத் தடவிக்கொள்வார், நினைவாலோ வலியாலோ தெரியாது. உலகக் கிண்ணத்தில் கடைசியாக உருண்ட தோல் பந்து 1982ஆம் ஆண்டின் டாங்கோ எஸ்பான்யா. 1986இல் மெக்சிகோவில் ஆடிய அஸ்டெக்காதான் முழுவதும் செயற்கைப் பொருளால் ஆன முதல் உலகக் கிண்ணப் பந்து. தண்ணீர் குடிக்காத பந்து என்பது விளம்பரப் பேச்சன்று. அந்தத் தழும்புக்குச் சொன்ன பதில்.

ஆகவே பந்து மாறியது ஒரு கட்டம்வரை ஆட்டத்துக்காகத்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 2010 உலகக் கிண்ணத்தில் எடையைக் குறைத்து ஜபுலானிப் பந்தைக் கெடுத்தார்களே, அது ஒன்று போதும்.

6 அக்டோபர் 2025, காலை 7.15

நேற்றிரவு எழுதியதன் கடைசி வரி தவறு. காலையில் எழுந்ததும் உறுத்தியது, விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பந்து உருண்டையாக இருக்க வேண்டும். உகந்த பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். சுற்றளவு 68 முதல் 70 செண்டிமீட்டர். ஆட்டத் தொடக்கத்தில் எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். ஜபுலானி இந்த அளவுகளுக்குள் அடங்கிய பந்துதான், எடையிலும் குறை இல்லை. பதினைந்து ஆண்டுகளாக 'அந்த இலேசான பந்து' என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

6 அக்டோபர் 2025, மதியம்

அப்படியானால் ஜபுலானியில் கெட்டது என்ன என்று இந்த இழையைப் படிக்கும் காலாங் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் பட்டதைச் சொல்லிவிட்டு விடைக்கு வருகிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் கோல்காப்பாளராக நின்றவன். 2010 ஜூலையில் எங்கள் கூட்டத்தில் பணக்காரர் ஒருவர், ஆட்டத்தரப் பந்தையே, அதாவது கடைகளில் கண்ணாடிக்குள் வைக்கும் முதல் தரப் பந்தையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல் பத்து நிமிடத்தில் இருபத்தைந்து மீட்டருக்கு அப்பாலிருந்து ஓர் உதை வந்தது. பந்து சுழலவே இல்லை. அதன் மேல் இருந்த படம் அப்படியே நின்ற நிலையில் என்னை நோக்கி வந்தது. வலப்பக்கம் வருகிறது என்று இரண்டடி எடுத்து வைத்தேன். அது கடைசி நேரத்தில் மனத்தை மாற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் வலையில் விழுந்தது. நான் வெறும் புல்லை அணைத்துக்கொண்டு கிடந்தேன். அன்று சிரித்தவர்கள் இன்றும் என்னைக் கண்டால் வலக்கையை நீட்டிக் காட்டுகிறார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் கசியாஸ், பஃபோன், ஜூலியோ சீசர் என்று பெருங்காப்பாளர்களே அந்தப் பந்தைக் குறை சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

விடை பந்தின் மேல்தோலில் இருக்கிறது. பந்து சுழலாமல் போகும்போது அதன் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்று, தையல் பள்ளங்களில் இடறிச் சீர்குலைகிறது. அந்த இடறல் ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் நிகழும் வேகத்தில் பந்து தள்ளாடும். எல்லாப் பந்தும் ஏதோ ஒரு வேகத்தில் தள்ளாடத்தான் செய்யும். அது எந்த வேகம் என்பதில்தான் சூட்சுமம். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ரபி மேத்தா என்ற பொறியாளரும் குழுவினரும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பழைய பந்துகள் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடுகின்றன, ஜபுலானியோ 80 கிலோமீட்டரைச் சுற்றித் தள்ளாடுகிறது என்று தெரிந்தது. 50 என்பது யாரும் கோலை நோக்கி உதைக்காத வேகம். 80 என்பது ஃப்ரீ கிக் வரும் வேகம். பந்து மழமழவென்று ஆனதால் தள்ளாட்டம் நேரே என் கோலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. மேல்தோலாகச் சேர்க்கும் துண்டுகளை, அதாவது தகடுகளைக் குறைத்ததன் பலன் அது: பழைய பந்தில் 32 தகடுகள், 2006இன் டீம்கைஸ்டில் 14, ஜபுலானியில் 8.

7 அக்டோபர் 2025

மறுபடியும் ஒரு திருத்தம். (இந்த இழையில் என் திருத்தங்களைத் தனியாகத் தொகுத்தால் அதுவே ஓர் இழையாகும்.)

தகடுகளின் எண்ணிக்கைதான் காரணம் என்றால், 2014இன் பிரசூக்காவில் ஆறே தகடுகள். அது ஜபுலானியைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டு காப்பாளர்கள் அப்படிப் புலம்பவில்லை. காரணம், தகடு குறைந்தாலும் ஓரங்களை வளைத்து வளைத்து வெட்டியதால் தையல் கோட்டின் மொத்த நீளம் கூடிவிட்டது. ஜபுலானியில் அது ஏறக்குறைய 2 மீட்டர், பிரசூக்காவில் 3.3 மீட்டர், 32 தகட்டுப் பந்தில் 4 மீட்டர். பள்ளமும் ஆழமாயிற்று. தள்ளாடும் வேகம் மறுபடி 50க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. இப்போது வந்திருக்கும் டிரியோண்டாவில் நான்கே தகடுகள். அவற்றின் மேல் ஆழமான கோடுகள் கீறியிருப்பதும் இதே காரணத்துக்காக இருக்கலாம்.

இதை நினைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 32 தகட்டுப் பந்தில் இருந்த ஒரு நல்ல குணத்தை எடுத்துவிட்டு, நான்காண்டு கழித்து அதையே பெருமுயற்சியால் மீட்டுக் கொண்டுவந்து, 'புதிய பந்து' என்று பெயரிட்டு மறுபடியும் விற்றிருக்கிறார்கள். ஈசூன் வாசகர் இதைத் தம் கட்சிக்கு வலுவாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், நான் தடுக்கமாட்டேன்.

9 அக்டோபர் 2025

விதி மேற்பரப்பைப் பற்றி ஏன் பேசவில்லை என்பதுதான் இரண்டு நாளாக என் மனத்தில் ஓடுகிறது. எடைக்கு அளவு உண்டு, சுற்றளவுக்கு உண்டு, காற்றழுத்தத்துக்கு உண்டு. மேல்தோலுக்கு 'உகந்த பொருள்' என்ற இரண்டு சொற்கள்தாம். ஃபிஃபாவின் தரச் சான்றுக்குப் பந்தை எஃகுத் தட்டின் மேல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுத் துள்ளலை அளக்கிறார்கள். தண்ணீரில் வைத்து 250 முறை அமுக்கிப் பார்க்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 2,000 முறை சுவரில் மோதவிட்டு உருவம் குலைகிறதா என்று சோதிக்கிறார்கள். உருண்டைத்தன்மை, எடை, காற்று கசிவு எல்லாம் பார்க்கப்படுகின்றன. பந்து காற்றில் எப்படிப் பறக்கிறது என்பது அந்தச் சோதனைகளில் இல்லை. எந்த இடத்தில் விதி வாயை மூடிக்கொள்கிறதோ அந்த இடத்தில்தான் நான்காண்டுக்கு ஒரு புதுமை முளைக்கிறது.

12 அக்டோபர் 2025

எனக்கு இந்த வணிகத்தின் உள்பக்கமும் கொஞ்சம் தெரியும். 1990களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேல் விளையாட்டுப் பொருள் கடையொன்றில் வார இறுதி வேலை பார்த்தேன். கடை பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள்.

1994 டிசம்பரில் ஷா ஆலாமில் பஹாங்கை 4-0 என்று வென்று நம் சிங்கப்பூர் அணி மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது, எங்கள் கடையில் சட்டை விற்றது, கழுத்துத்துண்டு விற்றது, மேளம்கூட விற்றது. பந்துக்குப் பெயர் இருக்கிறது என்பதே வாங்க வந்தவர்களுக்குத் தெரியாது. "ஐந்தாம் நம்பர் பந்து ஒன்று" என்பார்கள், கொடுப்போம். 1998இல் ஒரு சிலர் டிரிகலோரை பெயர் சொல்லிக் கேட்டார்கள். உலகக் கிண்ணத்தில் பல வண்ணத்தில் வந்த முதல் பந்து அது. 2002இல் கொரியா, ஜப்பான் என்று நம் நேரத்துக்கு ஒத்த ஆட்டங்கள். சிறுவர்கள் கடைக்குள் நுழையும்போதே "ஃபீவர்நோவா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எட்டு ஆண்டுகளில் 'ஐந்தாம் நம்பர் பந்து' என்பது செத்துவிட்டது.

எங்களிடம் அந்தப் பந்து மூன்று தரத்தில் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்டத்தரம், நடுத்தட்டில் பயிற்சித்தரம், வாசலில் கம்பிக்கூடையில் கடைசித்தரம். மூன்றிலும் ஒரே படம், ஒரே பெயர். ஆட்டத்தரப் பந்தின் விலையில் கடைசித்தரத்தில் ஆறேழு வாங்கலாம். கடைசித்தரப் பந்தை விரலால் அழுத்தினால் மேல்தோல் பிளாஸ்டிக் பையைப்போல் சுருங்கும், இயந்திரத் தையல் நூல் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். பெற்றோர்கள் அதைக் கையில் எடுத்து, "இதுதானே தொலைக்காட்சியில் ஆடுவது?" என்று கேட்பார்கள். "அதே வடிவமைப்பு" என்று சொல்லும்படி முதலாளி எங்களைப் பழக்கியிருந்தார். பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எத்தனை நூறு முறை சொன்னேன் என்று எண்ணினால் இன்றும் வயிற்றை என்னவோ செய்கிறது.

இறுதியாட்டம் முடிந்த வாரமே கண்ணாடிப் பெட்டியிலிருந்த பந்துகள் இறங்கி வந்துவிடும். ஒட்டுத்தாளில் புது விலையை எழுதி ஒட்டுவது என் வேலை. பந்து ஒரு கிராம்கூட மாறவில்லை, காற்றுகூட அதே காற்று. விலை மட்டும் பாதி.

12 அக்டோபர் 2025, சற்றுப் பின்

சொல்ல மறந்தது. 2004இல் இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் நைக்கி மஞ்சள் நிறக் குளிர்காலப் பந்தைக் கொண்டுவந்தது. அங்கே நவம்பரில் பொழுது சாய்ந்து பனிமூட்டம் கவிந்தால் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது; காரணம் சரிதான். அந்த மஞ்சள் பந்து எங்கள் கடைக்கும் வந்தது. ஆண்டு முழுவதும் முப்பத்திரண்டு பாகை வெயில் அடிக்கும் ஊரில் குளிர்காலப் பந்தை நான் என் கையால் விற்றிருக்கிறேன். நன்றாகவே விற்றது.

15 அக்டோபர் 2025

காலாங் நண்பர், வணிகம் தொலைக்காட்சியோடு வந்தது, அதற்கு முன் ஆட்டம் தூய்மையாக இருந்தது என்கிறார். தொலைக்காட்சியோடு வந்தது என்பது சரி. 1970இன் டெல்ஸ்டார் என்ற பெயரே தொலைக்காட்சியைக் குறித்து வைத்ததுதான். பன்னிரண்டு கறுப்பு ஐங்கோணம், இருபது வெள்ளை அறுகோணம், கறுப்பு வெள்ளைத் திரையில் பளிச்சென்று தெரியட்டும் என்று. நம் ஊருக்கு வண்ணத் தொலைக்காட்சி 1974இல்தான் வந்தது, ஆகவே எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நாங்கள் பார்த்த பந்துக்கு அந்த நிறங்கள் பொருத்தமாகவே இருந்தன.

தூய்மை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1930இல் முதல் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவும் உருகுவேயும் ஆளுக்கொரு பந்தைக் கொண்டுவந்து, தங்கள் பந்தில்தான் ஆடவேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவே பந்து. முதல் பாதியில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலை. முடிவில் உருகுவே 4-2 என்று வெற்றி. பந்து யாருடையது என்பது அன்றும் ஆட்டத்தை உலுக்கியது. அதைக் கடையில் விற்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

16 அக்டோபர் 2025

32 தகட்டுப் பந்து டெல்ஸ்டாரோடு பிறந்தது என்ற எண்ணம் என் முந்தைய குறிப்பைப் படித்த இருவருக்கு ஏற்பட்டிருக்கிறது. அப்படி இல்லை. டென்மார்க்கின் முன்னாள் கோல்காப்பாளர் ஐகில் நீல்சன், தம் செலக்ட் நிறுவனத்தின் வழியே 1962இலேயே அதைச் செய்துவிட்டார். ஒரு கோல்காப்பாளர் செய்த பந்து என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காரணத்தை ஜூலை 2010 சம்பவத்தில் பார்த்துக்கொள்க.

23 அக்டோபர் 2025

ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருந்ததில், என் முதல் குறிப்பையே கொஞ்சம் நகர்த்திவைக்க வேண்டியிருக்கிறது. 1986 வரை ஆட்டத்துக்காக, அதன்பின் கல்லாவுக்காக என்று கோடு கிழித்தேன். கோடு அந்த இடத்தில் இல்லை.

1978இன் டாங்கோவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வளைந்த முக்கோணங்கள் இருபது, அவை சேர்ந்து பந்தைச் சுற்றிப் பன்னிரண்டு வட்டங்கள் இருப்பதுபோல் தோற்றம் தரும். அந்த அமைப்பு 1982, 1986, 1990, 1994, 1998 என்று ஆறு உலகக் கிண்ணங்களுக்கு நின்றது. உள்ளே பொருள் மாறியது, முக்கோணத்துக்குள் அஸ்டெக் கோலம், எட்ருஸ்கன் சிங்கத் தலை என்று அலங்காரம் மாறியது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் பந்து பந்தாகவே தெரிந்தது. அடிடாஸ் அப்போதும் வியாபாரம்தான் செய்தது. ஃபீவர்நோவா அந்த முகத்தைக் கைவிட்டது. 2006 தையலையே கைவிட்டுத் தகடுகளை வெப்பத்தால் ஒட்டியது. அந்த ஆண்டு இன்னொன்றும் தொடங்கியது: இறுதியாட்டத்துக்கென்று தனியாக ஒரு பொன்னிறப் பந்து. 2010இலும் அப்படி. 2018இல் வெளியேற்றுச் சுற்று தொடங்கியதும் சிவப்பு நிற மெச்டா. 2022இல் அரையிறுதியிலிருந்து அல் ஹில்ம். ஆக, இப்போது நான்காண்டுக்கு ஒன்று என்ற கணக்கும் இல்லை, ஒரு மாதத்துக்குள் இரண்டு. ஃபிஃபாவும் அடிடாசும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2030 வரை இருக்கிறது.

ஆகவே என் கோட்டை 2002க்கு நகர்த்துகிறேன். கடையில் 'ஐந்தாம் நம்பர் பந்து' செத்ததும் அதே ஆண்டுதான் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

24 அக்டோபர் 2025

"பந்துக்கு மின்னூட்டம் செய்கிறார்களாமே, உண்மையா?" என்று ஒருவர். உண்மை. அல் ரிஹ்லாவின் நடுவில் ஓர் உணர்கருவி தொங்கியது. பந்தின் அசைவை வினாடிக்கு 500 முறை அனுப்பும். ஆட்டத்துக்கு முன் அதற்கு மின்னூட்ட வேண்டும். உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் ரொனால்டோ தம் தலையில் பட்டதாகக் கொண்டாடிய கோலை, பட்டதற்கான அறிகுறியே இல்லை என்று அந்தக் கருவி காட்டிவிட்டது. கோல் புருனோ ஃபெர்னாண்டஸ் கணக்கில்தான் நின்றது. ஆஃப்சைடு முடிவுக்கும் அது உதவுகிறது. இதை நான் கல்லாப்பெட்டிக் கணக்கில் சேர்க்கமாட்டேன். ஆனால் அந்தக் கருவி உங்கள் அக்கா மகனுக்கு வாங்கும் பந்தில் இருக்காது. படம் இருக்கும்.

2 நவம்பர் 2025

நேற்று சிராங்கூன் சாலைப் பக்கம் போனபோது, நான் சிறுவனாக இருந்த காலத்தில் அங்கே ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவர் நினைவுக்கு வந்தார். எங்கள் கூட்டத்துப் பந்தின் தையல் பிரிந்தால் அவரிடம்தான் கொண்டுபோவோம். பந்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, நூலுக்கு மெழுகு தடவி, இரண்டு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் ஊசிகளை எதிரெதிராகச் செலுத்தி இழுப்பார். கடைசித் தையலின் முடிச்சை எப்படியோ உள்ளே தள்ளி மறைத்துவிடுவார். "தம்பி, இனி இந்த இடம் பிரியாது, பக்கத்து இடம்தான் பிரியும்" என்பார். அதுபோலவே பக்கத்து இடம் பிரியும், மறுபடி போவோம். ஒரு பந்து எங்களுக்கு மூன்று ஆண்டுகள் உழைத்தது.

ஒட்டுப் பந்தில் இந்தக் கதை இல்லை. சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்துச் சிறுவர்களுக்கு ஒட்டுப் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நாங்கள் ஆடுவது சிமெண்டுத் தளம் போட்ட தெருக் காற்பந்துத் திடல். ஆறாவது வாரம் ஒரு தகட்டின் முனை வாழைத்தோல்போல் மேலெழுந்தது. பையன்கள் அதைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் இருப்பார்களா? கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "புல்தரையில் ஆடுவதற்கான பந்து, உத்தரவாதம் கிடையாது" என்று விற்பனையாளர் பெட்டியின் அடியிலிருந்த எறும்பெழுத்தைக் காட்டினார். இந்தத் தீவில் எத்தனை பிள்ளைகளுக்குப் புல்தரை வாய்க்கிறது? புளோக் கீழ்த்தளத்தில் ஆடக்கூடாது என்று பலகை இருக்கிறது, பூங்காவில் பாட்டிமார் நடக்கிறார்கள், மிஞ்சுவது சிமெண்டு. பந்து வடிவமைப்பவர்கள் மனத்தில் இருக்கும் திடல் வேறு, பந்து உருளும் திடல் வேறு. பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது, ஆனால் பந்து அந்தப் பக்கம் கனத்து, உதைத்தால் கள் குடித்ததுபோல் போனது.

3 நவம்பர் 2025

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. கையால் தைப்பது போனதில் இன்னொரு கணக்கும் உண்டு. உலகின் கைத்தையல் பந்துகளில் பெரும்பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வந்தவை. இந்தியாவின் ஜலந்தரும் உண்டு. ஒரு 32 தகட்டுப் பந்தைத் தைத்து முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நாளுக்கு நான்கைந்து பந்து தைத்தால் கை ஓய்ந்துவிடும். குழந்தைகள் வீட்டுத் திண்ணையில் தைத்துக்கொண்டிருந்த நிலை உலகுக்குத் தெரிந்து, 1997இல் அட்லாண்டாவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்பின் தையல் வீடுகளிலிருந்து கண்காணிக்கக்கூடிய கூடங்களுக்கு மாறியது. வீட்டைவிட்டு வெளியே போய் வேலை செய்ய முடியாத பெண்கள் அதில் கூலியை இழந்தார்கள். பத்தாண்டுக்குள் வெப்ப ஒட்டு வந்து முதல்தரப் பந்துகளில் ஊசிக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டது. பிரசூக்கா சியால்கோட்டில்தான் தயாரானது, ஆனால் அது ஊசி தொடாத பந்து.

என் செருப்புத் தைப்பவருக்காக நான் ஏங்குவது எளிது. அவர் கையிலிருந்தது மூன்று ஆண்டுக்கு ஒரு பந்து. சியால்கோட்டில் இருந்தவர்கள் கையில் நாளுக்கு ஐந்து. கைத்தையல் என்றால் நல்லது என்று நேற்று நான் தொனித்ததை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன்.

18 நவம்பர் 2025

ஆர்சனல் ரசிகர்கள் இந்த இழைக்குள் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். இந்த ஆண்டு ஜனவரியில் லீக் கிண்ண அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நியூகாசலிடம் 0-2 என்று தோற்றதும், அந்தப் போட்டியின் பந்து லீக் பந்தைப்போல் இல்லை, அதிகமாகப் பறக்கிறது என்று ஆர்சனல் பயிற்றுநர் அர்டெட்டா சொன்னார். கோப்பிக் கடையில் அன்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒருவர் பழமொழியே சொன்னார்.

இப்போது எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அந்தப் பருவத்தில் அவருடைய ஆட்டக்காரர்கள் லீக்கில் நைக்கி, லீக் கிண்ணத்தில் பூமா, சாம்பியன்ஸ் லீக்கில் அடிடாஸ் என்று வெவ்வேறு பந்துகளில் ஆடினார்கள். ஒவ்வொன்றின் தையல் கோடும் வேறு, பள்ளமும் வேறு. கூடம் வாரத்துக்கு ஒரு முறை உண்மையிலேயே கோணலாகிக்கொண்டிருந்தது. 25 பருவங்களுக்குப் பிறகு நைக்கி விலகி, இந்த ஆகஸ்ட் முதல் பிரிமியர் லீக்கிலும் பூமாவே வந்துவிட்டது. அர்டெட்டாவுக்கு இனி எந்தப் பந்தைக் குறை சொல்வது என்று ஒரு குழப்பம் தீர்ந்தது.

7 டிசம்பர் 2025

ஈசூன் வாசகர் பொறுமையாக இருக்கிறார். இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோமே தவிர, என்ன வாங்குவது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று மெல்ல நினைவூட்டியிருக்கிறார்.

பதினோரு வயதுக்கு நான்காம் எண் பந்து. ஐந்தாம் எண் இன்னும் ஓராண்டு கழியட்டும். அவன் ஆடுவது சிமெண்டு என்றால் ஒட்டுப் பந்து வேண்டாம், கையால் தைத்த 32 தகட்டுப் பந்தாகப் பாருங்கள். கடையில் பந்தை இரு கைகளாலும் மேலே சுழற்றி எறிந்து பாருங்கள். தலையாட்டினால் உருண்டை சரியில்லை. தையலை விரலால் விலக்கிப் பாருங்கள். நூல் வெளியே தெரியக்கூடாது. காற்றடிக்கும் ஊசியை ஏற்றுமுன் அதில் ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் தடவுங்கள், எச்சில் வேண்டாம். எச்சில் வைத்து வைத்துத்தான் நாங்கள் பாதிப் பந்துகளின் வாய் ரப்பரைக் கெடுத்தோம். பந்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தில் கீழ் எண்ணுக்குப் பக்கத்திலேயே காற்று அடியுங்கள்; சிமெண்டில் அதுவே போதும்.

இத்தனையும் சொன்னாலும், அவன் கேட்டது 32 தகடு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

8 டிசம்பர் 2025

ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நேற்று அந்தப் பதிலை எழுதிவிட்டு, குறிப்பிட்டபடிதான் பந்துகள் கிடைக்கின்றனவா என்று பார்க்கக் குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போனேன். கிடைக்கின்றன. திரும்பும்போது என் பையில் கைக்குள் அடங்கும் ஒரு குட்டி டிரியோண்டா இருந்தது. சிவப்பு கனடாவுக்கு, பச்சை மெக்சிகோவுக்கு, நீலம் அமெரிக்காவுக்கு. "அதே வடிவமைப்பு" என்றார் கடைக்காரர். இப்போது அது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

29 டிசம்பர் 2025

ஈசூன் வாசகர் எழுதியிருப்பது: பெயரில்லாத 32 தகட்டுப் பந்தையே வாங்கிக் கொடுத்தாராம். பையன் ஒரு நாள் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானாம். மறுநாள் சிவப்பு, பச்சை, நீல மார்க்கர் பேனாக்களை எடுத்து, நான்கு தகடு இருக்க வேண்டிய பந்தில் முப்பத்திரண்டு தகட்டிலும் டிரியோண்டாவை வரைந்துவிட்டானாம்.

மார்க்கர் மை தையல் நூலுக்கு ஆகுமா என்று கேட்கிறார். நூல் பாலியெஸ்டராக இருந்தால் ஒன்றும் ஆகாது. சிமெண்டில் மூன்று வாரத்தில் போய்விடும். மறுபடி வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.